அளந்து பார்த்து மாற்றுங்கள்

(பட்டறைத் தொழிலாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் வண்டி உரிமையாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



பட்டறையை அடைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கும் தொழில் தோழர்களே, ஐ.டி.ஐ. மாணவச் செல்வங்களே, வண்டியையும் அதன் செலவையும் சேர்த்துச் சுமக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பாகத்தைப் பற்றி. கிராங்க்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் என்பது அதன் முழுப்பெயர். பட்டறையில் கிராங்க் சென்சார் என்றாலே போதும். பெரும்பாலான வண்டிகளில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. என்ஜினின் இடுக்கில், எண்ணெயிலும் புழுதியிலும் சூட்டிலும் கிடக்கிறது. ஆனால் அது பேசுவதை நிறுத்தினால் ஓடுகிற வண்டி நடுரோட்டில் நின்றுவிடுகிறது.

அது கெட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படி மாற்றுவது? இவற்றைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது கெடாதபோதும் அதைக் கழற்றி எறிகிறோமே, அந்தப் பழக்கத்தை எப்போது விடப்போகிறோம்? என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

அம்பாசடர் காலத்து மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். பிரீமியர் பத்மினி பார்த்தவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயின்ட் செட் கண்ணுக்குத் தெரியும். கருகியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பி, காதால் கேட்டு டைமிங் வைத்தோம். பழுது கண்ணில் பட்டது, கையில் பட்டது, காதில் விழுந்தது.

பிறகு என்ன நடந்தது? 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் வந்தது. பெட்ரோலைத் தெளிப்பதையும் தீப்பொறி விடுவதையும் ஒரே மின்னணுப் பெட்டி கவனிக்கத் தொடங்கியது. அந்தப் பெட்டிக்குக் கண் இல்லை. பிஸ்டன் எங்கே நிற்கிறது, கிராங்க் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். சொல்கிற வேலை சென்சாருக்கு வந்தது. நம் ஊரில் அந்தக் காலம் பரவ இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டு ஆனது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தபோது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. என்ற சொல் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து இன்று பி.எஸ்.6 மாசு விதி வண்டிகள் வரை, பெரும்பாலும் கிராங்க் சென்சார் சொல்லாமல் தீப்பொறி இல்லை, பெட்ரோல் இல்லை.

அது எப்படிச் சொல்கிறது? ஃப்ளைவீல் பக்கமோ முன்புறம் புல்லி பக்கமோ பல் வெட்டிய சக்கரம் ஒன்று கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும். பல வண்டிகளில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 பல்தான் இருக்கும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. இரண்டு பல்லை மட்டும் வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருப்பார்கள். ஏன்? ஆதி தாளம் போடுகிறவர் கையைக் கவனியுங்கள். தட்டுக்கு ஓசை உண்டு, வீச்சுக்கு ஓசை இல்லை. ஓசையில்லாத இடம் வரும்போது தாளம் எங்கே நிற்கிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டு பல் இடைவெளி அதே வேலையைச் செய்கிறது. இடைவெளி வந்ததும் பெட்டி எண்ணிக்கையைத் தொடங்குகிறது.

நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் என்ஜின், நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. 58 பல்லும் 50 முறை சென்சாரைக் கடக்கின்றன. ஒரே நொடியில் 2900 துடிப்பு! இவற்றில் சில தவறினாலும் என்ஜின் மிஸ் ஆகும், குலுங்கும். எல்லாமே நின்றால் என்ஜின் அணைந்துபோகும்.

சென்சாரில் இரண்டு இனத்தை நீங்கள் பிரித்தறிய வேண்டும். ஒன்று காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. பல் கடக்கும்போது சுருளில் மின்சாரம் தானே பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்ட உண்மைதான் அது. வெளியிலிருந்து அதற்குக் கரன்ட் வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வயர். சிலவற்றில் கவச உறைக்கென்று மூன்றாவது. மற்றொன்று ஹால் சென்சார். 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டறிந்த விளைவில் இயங்குவது. அதற்கு சப்ளை, எர்த், சிக்னல் என்று மூன்று வயர். சப்ளை இல்லாமல் அது வாய் திறக்காது. மூன்று வயர் என்றாலே ஹால் என்று முடிவு கட்டாதீர்கள், வயரிங் படத்தைப் பாருங்கள். எந்த இனம் என்று தெரியாமல் மீட்டரை எடுக்கவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு வண்டியின் கதை.

சித்திரை வெயிலில் ஒரு வாடகைக் கார் என் பட்டறைக்கு வந்தது. ஓட்டுநர் தம்பி சொன்னது இது: "காலையில நல்லா ஓடுதுண்ணே. மத்தியானம் ஆனா சிக்னல்ல அப்படியே ஆஃப் ஆயிடுது. செல்ஃப் அடிக்குது, புடிக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது."

இதைக் கேட்டதும் இந்த அரங்கில் பாதிப் பேர் கிராங்க் சென்சார் என்று மனத்துக்குள் சொல்லியிருப்பீர்கள். சரிதான், அறிகுறி அதைத்தான் காட்டுகிறது. ஆனால் அந்த வண்டி எங்களிடம் வருவதற்குள் எத்தனை பாகம் மாறியிருந்தது தெரியுமா? முதலில் ஃபியூயல் பம்ப். ஏன் பம்ப்? வண்டி நின்ற நேரத்தில் பம்ப் ஓடும் சத்தம் கேட்கவில்லை, அதனால். பிறகு பிளக், பிறகு காயில். ஏன் காயில்? ஸ்பார்க் வரவில்லை, அதனால். கடைசியில் கிராங்க் சென்சாரும் புதிது. அப்படியும் வண்டி மத்தியானம் நின்றது!

பம்ப் ஏன் ஓடவில்லை? சாவியைத் திருப்பியதும் பம்ப் சுமார் இரண்டு நொடி ஓடும். அதற்குள் என்ஜின் சுற்றுகிறது என்ற சேதி கிராங்க் சென்சாரிலிருந்து வராவிட்டால் பெட்டி பம்ப்பை நிறுத்திவிடும். விபத்தில் என்ஜின் நின்றபிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. காயிலுக்கும் அதே கதை. சேதி இல்லையென்றால் தீப்பொறிக்கு ஆணை போகாது. பம்ப்பும் நல்ல பம்ப், காயிலும் நல்ல காயில். இரண்டையும் குற்றவாளியாக்கிக் காசு வாங்கியாயிற்று.

சரி, சென்சார் மாற்றியும் ஏன் நிற்கிறது? நாங்கள் அந்தக் காரை ஓடவிட்டோம். ஏ.சி.யைப் போட்டு, பானெட்டை மூடி, நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தோம். காத்திருப்பதும் வேலைதான், தோழர்களே! வண்டி நின்றது. நின்ற அந்த நிமிடத்தில் சென்சாரின் கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு முனையில் மீட்டரை வைத்தோம். ஓம் சரியாகக் காட்டியது. சென்சார் குற்றமற்றது. அடுத்து ஈ.சி.எம். எனப்படும் அந்த மின்னணுப் பெட்டியின் பக்கக் கப்ளரையும் கழற்றி, அங்கே வரும் அதே இரண்டு வயரையும் அளந்தோம். மறுமுனையில் சென்சாரே இல்லை. அப்படியென்றால் மீட்டர் திறந்த சுற்று காட்ட வேண்டும். காட்டியதோ ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு வயரும் நடுவில் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன.

வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் உறை உருகியிருந்தது. முன்பு எப்போதோ யாரோ கிளட்ச் வேலை பார்த்திருக்கிறார். வயரைப் பிடிக்கும் கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார். வயர் தொங்கி, சூட்டில் சாய்ந்திருக்கிறது. சூடேறினால் உறை இளகி வயர்கள் தொடும், ஆறினால் விலகும். அவ்வளவுதான் பழுது. ஒரு கிளிப்பும் ஓரடி வயரும் தீர்த்திருக்க வேண்டியதற்கு, ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் ஒரு மாத வருமானம் போயிருந்தது.

ஸ்கேனர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், வாழ்த்துகிறேன். ஸ்கேனர் காட்டும் கோட் என்ன சொல்கிறது? பி0335 என்று வந்தால், கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமா? வயர் இல்லையா? கப்ளர் இல்லையா? எர்த் இல்லையா? பல் சக்கரம் இல்லையா? பி0336 வந்தால் சிக்னல் வருகிறது, ஒழுங்காக வரவில்லை. அப்போது முதலில் பல் சக்கரத்தையும் இடைவெளியையும் சந்தேகியுங்கள். பி0339 என்றால் விட்டுவிட்டு வருகிறது, வயரையும் கப்ளரையும் அசைத்துப் பாருங்கள். பி0016 வந்தால் கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். இந்தக் கோட் வந்ததற்குச் சென்சாரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வண்டி அப்படியே இருக்கும். கோட் திசை காட்டுகிறது. தீர்ப்பு எழுத வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். விட்டுவிட்டு வரும் பழுதில் சில நேரம் கோடே பதிவாகாது. ஓடும் வண்டியில் சிக்னல் சட்டென்று அறுந்தால், என்ஜின் நின்றுவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. அதனால் கோட் இல்லை, ஆகவே பழுதும் இல்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பேட்டரியில் தொடங்குங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், கம்பிச்சுருள் சென்சாரில் பிறக்கும் மின்சாரமும் மெலிந்துபோகும். பேட்டரி இளைத்திருக்கும்போது சென்சாரைச் சோதிப்பதில் பயனில்லை. அடுத்து, செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் ஆர்.பி.எம். பாருங்கள். என்ஜின் நன்றாகச் சுற்றும்போது 150, 200, 250 என்று ஏதாவது ஓர் எண் காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் சேதி பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்கேனர் இல்லாத பட்டறையா? பல வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளே சொல்லிவிடும். வண்டி ஓட்டும் அன்பர்களும் இதை மனத்தில் வையுங்கள். ஓடும்போது என்ஜின் அணைந்த அந்த நொடியில், வண்டி இன்னும் உருண்டு கியரிலேயே இருக்கும்போதே, ஆர்.பி.எம். முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்ததா, படிப்படியாக இறங்கியதா? இந்த ஒரு தகவலை மெக்கானிக்கிடம் சொன்னால் அரை நாள் வேலை மிச்சம்.

பிறகு மீட்டர். கம்பிச்சுருள் சென்சார் என்றால் ஓம் அளக்கலாம். சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு, மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். செம்புக் கம்பி சூடேறினால் அதன் ஓம் கூடும். ஒரு டிகிரிக்கு நூற்றுக்குச் சுமார் 0.4 பங்கு. குளிர்ந்த நிலையில் 30 டிகிரியில் 900 ஓம் காட்டும் நல்ல சென்சார், 100 டிகிரியில் 1150 ஓமை நெருங்கும். அது இயற்கை! கால் பங்கு கூடிவிட்டதே என்று நல்ல சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள். கெட்ட சென்சார் எப்படிக் காட்டும்? குளிரில் சரியாக இருக்கும், சூட்டில் மீட்டர் ஓபன் காட்டும். முடியைவிட மெல்லிய கம்பி உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. ஆறினால் ஒட்டும், சூட்டில் விரிந்து விலகும். மத்தியானம் நின்று அரை மணி கழித்துப் பிடிக்கும் வண்டியின் மர்மம் பல நேரம் இதுதான்.

ஓம் சரியாக இருந்தால் போதுமா? போதாது. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடியுங்கள். வோல்ட் பிறக்க வேண்டும், வேகம் கூடக் கூட ஏற வேண்டும். ஓம் சரியாகக் காட்டும் சென்சாரிலும் சிக்னல் பிறக்காமல் போகலாம். சென்சார் முனைக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் பல வண்டிகளில் இருக்கும். அது கூடினால் சிக்னல் மெலியும்.

ஹால் சென்சார் என்றால் ஓம் அளக்கவே அளக்காதீர்கள். உள்ளே இருப்பது மின்னணுச் சுற்று. கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை, சென்சாருக்கும் கேடு வரலாம். கப்ளரைக் கழற்றி சாவியைப் போட்டு சப்ளை வயரைப் பாருங்கள், 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது வண்டியைப் பொறுத்தது. எர்த் நல்ல எர்த்தா என்று பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் சென்சாரைக் குறைசொல்வது, சோறு போடாமல் வேலை வாங்குவது. இரண்டும் இருந்தால் கப்ளரை மாட்டிவிட்டு, பின்புறமாக சிக்னல் வயரில் மீட்டர் முனையைத் தொட வைத்து, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். வோல்ட் மேலே போய்க் கீழே வர வேண்டும், ஒவ்வொரு பல்லுக்கும்.

ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் பட்டறைகள் இன்று பெருகி வருகின்றன. அவர்களுக்குப் பெரிய வசதி, 58 பல்லையும் இடைவெளியையும் திரையிலேயே பார்த்துவிடலாம். வளைந்த பல் ஒன்று இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அலை குறுகி நிற்கும். கிளட்ச் வேலை பார்த்தபிறகு புதிதாக வந்த மிஸ்ஸிங் என்றால், நெம்புகோல் பட்டு வளைந்த பல்லைத்தான் நான் முதலில் தேடுவேன்.

பாகமே குறையோடு உற்பத்தியாவதில்லையா? ஆகிறது. 2003இல் நிசான் நிறுவனம் இந்த சென்சாரில் இருந்த சாலிடர் குறைக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஆகவே புதிய பாகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். விலை குறைந்த போலிகளில் முனையின் நீளமே மாறியிருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்றும் வேலை எளிது, அதனாலேயே அவசரம் வந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்தபிறகே சென்சாரைத் தொடுங்கள். இறுகியிருந்தால் இடவலமாக மெல்லத் திருப்பி எடுங்கள், நெம்பினால் முனை உடைந்து உள்ளே விழும். எடுத்த சென்சாரின் முனையைப் பாருங்கள். காந்த முனையில் இரும்புத்தூள் தாடியாக ஒட்டியிருந்தால், அந்தத் தூள் எங்கிருந்து வந்தது? செல்ஃப் பல் ஃப்ளைவீல் ரிங்கைத் தின்கிறதா? பார்க்காமல் மூடாதீர்கள். புதியதன் ஓ-ரிங்கில் ஒரு துளி என்ஜின் ஆயில் தடவி, கையாலேயே அமர்த்துங்கள். சுத்தியல் வேண்டாம். சின்ன போல்ட், பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். வயரைப் பழைய வழியிலேயே கொண்டுபோய் எல்லாக் கிளிப்பையும் மாட்டுங்கள். எல்லாக் கிளிப்பையும்! சில வண்டிகளில் ஸ்கேனரில் மறுகற்றல் செய்ய வேண்டும், மேனுவல் சொன்னால் செய்யுங்கள். கடைசியாக, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்த என்ஜினில் சரிபார்த்து அனுப்பினால் அது சரிபார்த்ததே ஆகாது.

இந்தப் பழுதைச் சின்ன விஷயமாக எண்ண முடியாது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே என்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கில் சேமித்த வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், அதன்பின் மிதி கட்டையாகிவிடும். அப்படி நின்றால் பதறாமல் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி இடப்பக்கம் ஒதுங்குங்கள். சாவியை முழுவதும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை இப்படி நின்ற வண்டி, மறுநாள் நன்றாக ஓடினாலும் பட்டறைக்குப் போகவேண்டிய வண்டிதான்.

இப்போது என் மனத்தில் உள்ளதைத் திறந்து சொல்லிவிடுகிறேன். நம் மெக்கானிக்குகள் ஏன் ஊகித்து மாற்றுகிறார்கள்? தெரியாமலா? இல்லை. பழுதைத் தேடும் இரண்டு மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. பாகம் மாற்றினால் பாகத்துக்குக் காசு, மாட்டுகூலிக்குக் காசு. மீட்டர் பிடித்து, காத்திருந்து, வயரைத் தேடி, ஒரு கிளிப்பை மாட்டினால், "ஒரு கிளிப்புக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்கும் நாம்தான் ஃபியூயல் பம்ப்பையும் காயிலையும் அந்த ஓட்டுநர் தலையில் கட்டினோம். இதில் பட்டறைக்கு உள்ள பங்கு, வாடிக்கையாளருக்கும் உண்டு.

ஆகவே வண்டி வைத்திருப்போரே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த முறை வண்டியை விடும்போது "முதலில் சோதித்துப் பாருங்கள், சோதனைக்குக் கூலி தருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள். பட்டறைத் தோழர்களே, அந்தக் கூலியை வாங்கினால் அளந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: குளிரில் எத்தனை ஓம், சூட்டில் எத்தனை ஓம், சப்ளை எத்தனை வோல்ட். கழற்றிய பழைய பாகத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். ஐ.டி.ஐ. பிள்ளைகளே, முதல் சம்பளத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள்.